கோழிக்குஞ்சு முகத்தில் மரு, கட்டி, வீக்கம்: எதைக் கண்டால் என்ன செய்வது

ஐப்பசி மழை விழுந்து கண்மாயில் தண்ணீர் ஏறியதும், "குஞ்சு மூஞ்சியில என்னமோ மொளைச்சிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று யாராவது கையில் குஞ்சோடு வந்து நிற்பார்கள். மதுரை மாவட்டத்துத் திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி மேயாத தெரு குறைவு. கொசு மிகுந்தால் இந்தத் தொல்லையும் மிகும். இப்போது போட்டோவும் வருகிறது. எல்லோரும் கட்டியை மட்டும் பெரிதாக எடுத்து அனுப்புகிறார்கள். குஞ்சுக்குக் கண் தெரிகிறதா, இரை எடுக்கிறதா, மூச்சு சுலபமாக விடுகிறதா என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். மரு பெரும்பாலும் தானே காய்ந்து உதிரும். அது கண்ணை மூடிவிட்டால் குஞ்சு பட்டினியில் சாகும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் இந்த மூன்று கேள்வியும் கூடவே இருக்கட்டும்.

## மருந்து எடுக்கும் முன் குஞ்சைக் கையில் எடுங்கள்

கோழி அடைகிற நேரம் நல்லது. குஞ்சு பதறாது, இரைப்பையும் தெரியும். ஒரு துண்டில் சுற்றிப் பிடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் வைத்து, மெதுவாகத் துடையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும். அப்புறம் அலகைத் திறந்து நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் பாருங்கள். முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? மூக்குத் துளை அடைத்திருக்கிறதா, நாற்றம் அடிக்கிறதா? கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தொடுங்கள். பகலெல்லாம் மேய்ந்த குஞ்சுக்கு அந்த நேரத்தில் அது நிறைந்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் அது தின்னவில்லை.

கூட இருக்கும் மற்ற குஞ்சுகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் வந்ததற்கும் நாலைந்துக்கு வந்ததற்கும் காரணம் வேறு.

எதுவாக இருந்தாலும் அந்தக் குஞ்சைத் தனிப் பஞ்சாரத்தில் போட்டுவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

## அறிகுறி: ஏதோ ஒட்டியிருக்கிறது, துடைத்தால் வருகிறது

கூழ், தவிடு, குருணை காய்ந்து அலகு ஓரத்தில் கெட்டிப்பட்டதுதான். தீனியைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து வைக்கிற வீடுகளில் அடிக்கடி காண்கிறது. துடைத்துவிட்டால் முடிந்தது.

## அறிகுறி: துடைத்தும் வரவில்லை, ஆனால் குஞ்சு நன்றாக மேய்கிறது

வளர்ச்சியை நோய் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. பொரித்த குஞ்சின் அலகு நுனியில் வெள்ளையாக ஒரு முள் இருக்கும். ஓட்டை உடைக்க இயற்கை கொடுத்தது, சில நாளில் தானே உதிரும். ஆறேழு வாரம் ஆனதும் சேவல் குஞ்சுகளுக்குக் கொண்டை சிவந்து தடிக்கும், தாடி இறங்கும். சண்டைக்கோழி இனமான அசீல் கலப்பு இருந்தால் கொண்டை ரம்பம் மாதிரி எழும்பாமல், சின்னச் சின்ன முண்டுகளாக மூன்று வரிசையில் உட்காரும். இதைப் பார்த்துவிட்டு அம்மை என்று மஞ்சள் பூசினவர்களும் இருக்கிறார்கள்.

நடுவில் சீராக, வழவழப்பாக, சிவப்பாக இருந்தால் கொண்டை. ஒழுங்கில்லாமல், சொரசொரப்பாக, ஒரு பக்கம் மட்டும் வந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: கொண்டை, இமை, அலகு ஓரத்தில் சொரசொரப்பான மரு

மதுரைப் பக்கம் குஞ்சு முகத்தில் முளைக்கும் விஷயங்களில் பெரும்பங்கு இதுதான்: கோழி அம்மை. முதலில் வெளிறிய சின்னப் பொரி. பிறகு மஞ்சளாகிப் பருக்கும், பக்கத்தில் இருப்பதோடு சேர்ந்துகொள்ளும், கடைசியில் கரும்பழுப்பாகப் பொருக்குத் தட்டும். இறகு இல்லாத இடத்தில்தான் வரும். கொசு கடிக்கிற இடமும் அதுதானே. கொசு மூலமும், கொத்திய காயம் மூலமும் ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. அதனால் ஒரே நாளில் எல்லாக் குஞ்சுக்கும் வராது. இன்று ஒன்று, நாலு நாள் கழித்து இன்னொன்று என்று நகரும்.

கொத்திய காயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கொத்துப்பட்ட பொருக்கு தட்டையாக இருக்கும், ஓரிடத்தில் மட்டும் இருக்கும், ஒரு வாரத்தில் சுருங்கும். அம்மை மேடாக எழும்பும், புதிது புதிதாக வரும்.

இது வைரஸ். இதைக் கொல்லும் மருந்து மாட்டாஸ்பத்திரியிலும் இல்லை, மெடிக்கலிலும் இல்லை. ஒரு குஞ்சுக்கு வந்து போக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். தப்பித்த கோழிக்குப் பொதுவாகத் திரும்ப வராது. மனிதர்களுக்கு வரும் சின்னம்மைக்கும் இதற்கும் உறவு கிடையாது, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒட்டாது. ஆத்தா வந்திருக்கா என்று கூட்டில் வேப்பிலை செருகிவிட்டு எதையும் தொடாமல் விடுகிற பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. வேப்பிலை செருகுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. தீனி கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கண் இரண்டும் திறந்திருக்கிறது, இரை எடுக்கிறது என்றால் பெரிய வேலை இல்லை. மருவைப் பிய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள். ரத்தம் வரும், புண் சீழ் வைக்கும். பொருக்குக்குள் இருக்கும் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் மற்ற கோழிக்கு நீங்களே பரப்பியதாகவும் ஆகும். பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து கடுந்தேயிலை நிறத்துக்குக் கொண்டுவந்து, பஞ்சால் ஒற்றுங்கள். கண்ணுக்குள் போகக் கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதும் சரிதான். அம்மையை அது ஆற்றாது, புண்ணில் வேறு கிருமி சேராமல் பார்த்துக்கொள்ளும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, புகையிலைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இவற்றால் கண் போன குஞ்சுகளை நான் பார்த்திருக்கிறேன். உதிர்ந்த பொருக்கைக் கூட்டி எரித்துவிடுங்கள்.

ஒரு கண்ணோ இரண்டுமோ மூடிவிட்டது என்றால் இனி நீங்கள்தான் அதற்குத் தாய்க்கோழி. கண் தெரியாத குஞ்சு தட்டு நிறையத் தீனி இருந்தாலும் பக்கத்தில் நின்றே பட்டினி கிடக்கும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கையில் எடுத்து ஊட்டுங்கள். பிசைந்த சோறு, ஊறிய குருணை, அவித்த முட்டையின் மஞ்சள் கரு எதுவானாலும் சின்ன உருண்டையாக அலகுக்குள் வைத்தால் விழுங்கும். தண்ணீருக்கு அலகு நுனியை மட்டும் கிண்ணத்தில் தொடவிடுங்கள், அல்லது அலகின் பக்கவாட்டில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் நாக்குக்குப் பின்னால் இருக்கும் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நோய் தாங்கிய குஞ்சைத் தண்ணீர் ஊற்றிக் கொன்ற கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

இமையை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் காலையும் மாலையும் ஒற்றி எடுங்கள். தானாகப் பிரிந்தால் பிரியட்டும், விரலால் பிளக்காதீர்கள். இமைக்குள் சீழ் தெரிந்தால் கண் களிம்பு தேவைப்படும். எந்தக் களிம்பு என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மீந்த மனிதர் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு, அவை அம்மைக் கண்ணுக்குக் கேடு. தட்டின் இடத்தையும் தண்ணீரின் இடத்தையும் மாற்றாமல் வைத்தால் ஒரு கண் தெரிகிற குஞ்சு தானே பழகிவிடும்.

வாய்க்குள் மஞ்சள் படலம் இருக்கிறது, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் வீட்டு வைத்தியம் இதோடு நிற்கட்டும். அம்மை தொண்டைக்குள் இறங்கியிருக்கிறது. வெளி மருவில் பிழைக்கிற குஞ்சுகள் இதில் மூச்சடைத்துச் சாகும். படலத்தைக் குச்சியால் வழித்து எடுக்கச் சொல்வார்கள். கீழே ரத்தம் கசியும், அது மூச்சுக்குழலில் இறங்கும். அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

மற்ற குஞ்சுகளைக் காப்பதற்கு: ஒன்றிரண்டில்தான் கண்டிருக்கிறது என்றால், மீதிக்கு உடனே அம்மைத் தடுப்பூசி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படிப் போடுவது வழக்கம்தான். பழைய கொசுவலையைப் பஞ்சாரத்தின் மேல் போட்டு ஓரங்களில் கல் வையுங்கள். சிரட்டை, டயர், உடைந்த ஆட்டுக்கல் குழி என்று வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். நொச்சிப் புகை போடுகிறவர்கள் கூட்டுக்கு வெளியே, காற்று வரும் திசையில் போடுங்கள். மூடிய கூட்டுக்குள் புகை போட்டால் கொசுவுக்கு முன் குஞ்சு திணறும்.

## அறிகுறி: கருப்புப் புள்ளிகள் கொத்தாக ஒட்டியிருக்கின்றன

தூரத்திலிருந்து அம்மைப் பொருக்கு மாதிரியே தெரியும். கிட்டத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் கடுகை விடச் சிறிதாக, பளபளப்பாக, நெருக்கமாக இருந்தால் தெள்ளு. நாய்த் தெள்ளு மாதிரி துள்ளி ஓடாது, தலையைத் தோலுக்குள் புதைத்து அப்படியே இருக்கும். வேசலினைத் தடிமனாகப் பூசுங்கள், மூச்சு முட்டிச் சாகும். மறுநாள் முனை மழுங்கிய இடுக்கியால் எடுத்து அயோடின் ஒற்றலாம்.

குஞ்சின் கொண்டையும் வாயின் உள்பக்கமும் வெளுத்திருந்தால் ரத்தம் நிறையக் குடித்திருக்கின்றன என்று அர்த்தம். சின்னக் குஞ்சு இதிலேயே போய்விடும்.

முகத்தில் எடுத்தது பாதி வேலைதான். முட்டையும் புழுவும் தரையில், கூளத்தில் இருக்கின்றன. கூளத்தை முழுக்க அள்ளி எரித்து, தரையை வெயிலில் காயவிடுங்கள். அதே இடத்தில் படுக்கிற நாய், பூனையையும் பாருங்கள்.

கொஞ்சம் பெரிதாக, தட்டையாக இருந்தால் உண்ணிக் குஞ்சு. முகத்தை விட றெக்கைக்கு அடியில்தான் அதிகம் இருக்கும். வளர்ந்த உண்ணி பகலில் சுவர் வெடிப்பிலும் மூங்கில் இடுக்கிலும் ஒளிந்துகொண்டு ராத்திரிதான் குடிக்க வரும். ஆகவே பகலில் கோழியைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்ல முடியாது. இடுக்குகளில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, காய்ந்ததும் வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள்.

மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குஞ்சு முகத்தில் தடவ வேண்டாம். கண்ணுக்கும் வாய்க்கும் பக்கத்தில் அது விஷம்.

## அறிகுறி: கண்ணுக்குக் கீழே கன்னம் உப்பியிருக்கிறது

மரு இல்லை, தோல் இழுபட்டு வீங்கியிருக்கிறது. இங்கே நாற்றமும் எண்ணிக்கையும்தான் வழிகாட்டும்.

ஒரே குஞ்சு, ஒரு பக்கம், திடீரென்று வந்தது, மூக்கு ஒழுகவில்லை: குளவியோ தேளோ கொட்டியிருக்கும், அல்லது அடி பட்டிருக்கும். குளிர்ந்த தண்ணீர்த் துணியை ஒற்றி, நிழலில் தனியாக விடுங்கள். இரண்டு நாளில் வடியத் தொடங்க வேண்டும்.

வடியவில்லை, தொட்டால் கெட்டியாக இருக்கிறது: உள்ளே சீழ். நம் உடம்பில் வருவது போல் கோழிச் சீழ் ஒழுகி வராது, அவித்த முட்டைக் கரு மாதிரி கெட்டிப்பட்டுக் கிடக்கும். அதனால் பிதுக்கியும் பயனில்லை, ஊசியால் குத்தியும் பயனில்லை. கீறித் தோண்டித்தான் எடுக்க வேண்டும், பக்கத்திலேயே கண் இருக்கிறது. பிளேடு எடுக்காதீர்கள், அது டாக்டர் வேலை. சாதாரணக் குஞ்சுக்கு இந்தச் செலவு தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டுச்சேவலுக்கு வளர்க்கிற குஞ்சு என்றால் யாரும் யோசிப்பதில்லை.

மூக்கு ஒழுகுகிறது, கிட்டே போனாலே நாற்றம், மூன்று நாளுக்குள் பல கோழிக்கு: கொரைசா. கண் ஓரத்தில் நுரை, ராத்திரி அடைந்த பிறகு கொர்கொர் சத்தம், மெதுவாக வாரக்கணக்கில் பரவுகிறது: நாள்பட்ட சளி நோய். இரண்டும் பாக்டீரியா வகை. மருந்து உண்டு, ஆனால் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மெடிக்கலில் மனிதர் மாத்திரையை வாங்கிப் பாதியாகப் பிளந்து தண்ணீரில் கரைப்பது இங்கே ரொம்ப சகஜம். அளவு குறைந்து, வீக்கம் கொஞ்சம் வடிந்து, பத்து நாளில் திரும்ப வரும். இரண்டாம் முறை அதே மருந்து வேலை செய்யாது. டாக்டர் கொடுத்ததை முழுக்கக் கொடுங்கள். அவர் சொல்லும் நாள் முடியும்வரை அறுக்கவும் வேண்டாம், முட்டையைத் தின்னவும் வேண்டாம்.

தேறிய கோழி நன்றாகத் தெரிந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். அதை அடை வைக்கவோ புதுக் குஞ்சுகளோடு விடவோ நான் சம்மதிக்க மாட்டேன்.

## அறிகுறி: இமை ஒட்டிக்கொண்டது, உள்ளே வெள்ளையாகக் கட்டி

வெளியே மரு எதுவும் இல்லாமல் கண் மட்டும் இப்படி இருந்தால், முதலில் கூட்டுக்குள் தலையைக் குஞ்சு நிற்கும் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். உங்கள் கண் எரிந்தால் காரணம் அதுதான். எச்சம் ஊறிக் கிளம்பும் காரநெடி. ஈரக் கூளத்தை மாற்றி, காற்று போக வழி செய்யுங்கள்.

நெடி இல்லையா? தீனியைப் பாருங்கள். அடைத்து வைத்து, வெறும் அரிசிக் குருணையும் தவிடும் மட்டும் போட்டு வளர்த்த குஞ்சுக்கு வைட்டமின் ஏ குறைந்து கண் இப்படி ஆகும். தொண்டையிலும் வெள்ளைப் பொட்டுகள் தெரியலாம். முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், மஞ்சள் மக்காச்சோளத்தை உடைத்துக் கலந்து கொடுங்கள். முற்றிப்போனதற்கு டாக்டரிடம் வைட்டமின் சொட்டு மருந்து கேட்க வேண்டும். திறந்து மேய்கிற குஞ்சுக்கு இது அநேகமாக வராது.

காலால் கண்ணைச் சொறிந்துகொண்டே இருந்தால் உள் இமையைக் கவனியுங்கள். வெள்ளை நூல் நெளிந்தால் கண்புழு. கரப்பான் தின்று வருவது. எடுப்பது டாக்டர் வேலை.

## அறிகுறி: தோலுக்கு அடியில் கெட்டிக் கட்டி, மெதுவாக வளர்கிறது

வலி இல்லை, நாற்றம் இல்லை, வாரா வாரம் பெரிதாகிறது. போட்டோவை வைத்து இதற்கு யாரும் பெயர் சொல்ல முடியாது. பழைய சீழாகவும் இருக்கலாம், கழலையாகவும் இருக்கலாம். கூடவே காலை ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நீட்டிக்கொண்டு விழுந்தால் மாரெக்ஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு வைத்தியம் இல்லை. வெறும் கட்டி மட்டும் என்றால், அது கண்ணையும் வாயையும் தொடாதவரை குஞ்சு பாட்டுக்கு மேயட்டும். தாடி மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், அதுவும் வளர்ந்த கோழி என்றால், கோழி காலராவும் கணக்கில் வரும். காத்திருக்காமல் காட்டுங்கள்.

## அறிகுறி: முகம் முழுக்க வீக்கம், கொண்டை நீலம், கோழிகள் செத்து விழுகின்றன

இதில் வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயாகவும் இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் இருந்தால் முன்னதின் மேல் சந்தேகம் அதிகம். வெறுங்கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். மிச்சக் கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்காதீர்கள். நம் ஊர்ச் சீக்கு அடுத்த ஊருக்குப் போவது இப்படித்தான். செத்ததைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ எறியவும் கூடாது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அன்றைக்கே சொல்லுங்கள். யாரும் கிடைக்கவில்லை என்றால் கால்நடை அவசர உதவிக்கான 1962 எண்ணுக்கு அழையுங்கள்.

## டாக்டரிடம் போகும்போது

வாயைத் திறந்து மூச்சு விடுவது, இரண்டு கண்ணும் மூடியது, ஒரு நாள் முழுக்க இரைப்பை காலி, மூன்று நாளுக்குள் மூன்று கோழிக்கு மேல் பரவியது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். குஞ்சை அட்டைப் பெட்டியில் துளை போட்டுக் கொண்டுபோங்கள், பாலித்தீன் பையில் வேண்டாம். எத்தனை வாரக் குஞ்சு, என்ன தீனி, எந்தத் தடுப்பூசி போட்டது, புதுக் கோழி ஏதாவது வாங்கிச் சேர்த்தீர்களா என்று கேட்பார். நீங்கள் ஏற்கெனவே தடவியது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மஞ்சளை அழுத்திப் பூசிவிட்டுக் கொண்டுபோனால் அவருக்குப் புண்ணின் நிறமே தெரியாது. போகிற அன்று எதுவும் பூசாதீர்கள்.

ஒரு குஞ்சு செத்துவிட்டது, மற்றவற்றுக்கும் அதே அறிகுறி என்றால், செத்ததைப் புதைப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். அறுத்துப் பார்த்துச் சொல்வார். அதுவரை ஐஸ் பக்கத்தில் வைக்கலாம், உறைய விட வேண்டாம். மேலே சொன்ன பறவைக் காய்ச்சல் சந்தேகம் இருந்தால் மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவர்கள் வந்து எடுக்கட்டும்.

## அடுத்த அடைக் குஞ்சுகளுக்கு

அம்மைத் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போடுவது. றெக்கையின் சவ்வில் இரட்டை முனை ஊசியால் ஒரு குத்து, அவ்வளவுதான். அரசு முகாமில் பொதுவாகப் போடுவது வெள்ளைக் கழிச்சலுக்கானது, அதைப் போட்டுவிட்டு அம்மைக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். குப்பி ஒன்று நூறு, இருநூறு கோழிக்கு வரும், கலக்கிய பிறகு வைத்திருக்க முடியாது. தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வது நல்லது. பிளாஸ்கில் ஐஸோடு கொண்டுவாருங்கள். ஏழிலிருந்து பத்து நாள் கழித்து, குத்திய இடத்தைத் தடவிப் பாருங்கள். சின்னதாகத் தடித்துப் பொருக்குத் தட்டியிருந்தால் ஊசி பிடித்துவிட்டது. வழவழவென்று இருந்தால் அந்தக் குஞ்சுக்குத் திரும்பப் போட வேண்டும்.